நூடுல்ஸைத் திட்டும் நல்லவர்கள்

ஒவ்வொரு காலத்திலும் நம் சமையலறைக்கு ஒரு வில்லன் தேவைப்படுகிறான். ஒரு காலத்தில் டால்டா. அப்புறம் அஜினோமோட்டோ. அப்புறம் பிராய்லர் கோழி. நடுவில் கொஞ்ச நாள் பரோட்டா. இவர்களெல்லாம் கெட்ட பேரோடு சௌக்கியமாக வாழ்ந்துகொண்டிருக்க, நிரந்தர வில்லனாகப் பதவி உயர்வு பெற்றிருப்பவர் இன்ஸ்டன்ட் நூடுல்ஸ்.

கல்யாண வீட்டில் பக்கத்து இலைக்காரரிடம் பேச்சை ஆரம்பியுங்கள். "இந்தக் காலத்துப் பசங்க எங்க சார் சாப்பிடறாங்க? நூடுல்ஸ்தான்" என்பார். சொல்லிக்கொண்டே இரண்டாவது ஜாங்கிரியை எடுப்பார். தொலைக்காட்சியில் வரும் சித்த மருத்துவர், யோகா மாஸ்டர், பள்ளி ஆண்டு விழாவின் சிறப்பு விருந்தினர் எல்லோரும் ஒற்றுமையாக இருக்கும் ஒரே விஷயம் இதுதான். இளைஞர்களுக்கு அறிவுரை சொல்ல வேறு ஒன்றும் தோன்றாவிட்டால், நூடுல்ஸைத் திட்டிவிட்டு உட்கார்ந்துவிடலாம். கைதட்டல் நிச்சயம்.

எனக்கு நூடுல்ஸ் கம்பெனிகள் மீது காதல் எதுவும் கிடையாது. ஆனால் பொய்யான குற்றப்பத்திரிகை யார் மீது போட்டாலும் எரிச்சல் வருகிறது. அதைவிட எரிச்சல், அந்தப் பாக்கெட்டைப் பிரிக்கிற ஆளைப் பார்க்கும் பார்வையில் இருக்கிற இளக்காரம். இரண்டையும் பார்த்துவிடலாம்.

முதலில் மெழுகு. 'நூடுல்ஸ் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க மெழுகு பூசுகிறார்கள், அது குடலில் நாள்கணக்கில் தங்கும்' என்று முதலில் மெயிலில் வந்தது. இப்போது வாட்ஸ்அப்பில் வருகிறது. அடுத்து என்ன வந்தாலும் அதிலும் வரும். அதில் மெழுகும் இல்லை, ஒன்றும் இல்லை. கோதுமை மாவில் தண்ணீரும் சோடா உப்பு வகையறாவும் சேர்த்துப் பிசைந்து, தகடாகத் தேய்த்து, இழையாக வெட்டி, சுருள வைத்து, ஆவியில் வேகவைக்கிறார்கள். பிறகு 140 முதல் 160 டிகிரி எண்ணெயில் ஒன்றிரண்டு நிமிடம் பொரிக்கிறார்கள். உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியே ஓடும்போது ஊசிமுனைத் துளைகளை விட்டுவிட்டுப் போகிறது. நீங்கள் வெந்நீர் ஊற்றியதும் தண்ணீர் அதே துளைகள் வழியாகத் திரும்ப உள்ளே வருகிறது. அவ்வளவுதான் இன்ஸ்டன்ட் ரகசியம். ஒட்டாமலிருப்பதற்குக் காரணம் பொரித்த எண்ணெய். நம் வீட்டு வடகத்துக்கும் இதற்கும் பெரிய தூரமில்லை. கூழாக வேகவைத்துக் காயப்போடும் வேலையை நாம் வெயிலிடம் கொடுத்தோம். அவர்கள் எண்ணெயிடம் கொடுத்தார்கள்.

அடுத்தது மோனோ சோடியம் குளூட்டமேட். 1908-ல் டோக்கியோ பேராசிரியர் கிகுனே இகெடா, கடல்பாசி ரசத்தில் ஏன் இவ்வளவு ருசி என்று குடைந்து பார்த்துப் பிரித்தெடுத்த பொருள். குளூட்டமேட் தக்காளியில் இருக்கிறது, சீஸில் இருக்கிறது, தாய்ப்பாலிலும் இருக்கிறது. 1968-ல் ஒரு அமெரிக்க மருத்துவ இதழுக்கு ஒரு டாக்டர், 'சைனீஸ் ரெஸ்டாரன்ட்டில் சாப்பிட்டால் பின்கழுத்து மரத்துப்போகிறது, காரணம் என்னவாக இருக்கும்?' என்று கடிதம் எழுதினார். அவர் கேட்டது கேள்வி. உலகம் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டது. பின்னால் யாருக்கு எதைக் கொடுத்தோம் என்று சொல்லாமல் நடத்திய சோதனைகளில் அந்தக் குற்றச்சாட்டு ஒழுங்காக நிற்கவே இல்லை.

'2015-ல் தடையே செய்தார்களே?' என்பீர்கள். செய்தார்கள். காரீயம் அளவுக்கு மேல் இருக்கிறது என்று அந்த ஜூனில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் மேகியை நிறுத்தியது. ஆகஸ்ட் 13 அன்று பம்பாய் உயர்நீதிமன்றம், பரிசோதனை நடந்த முறை சரியில்லை என்று தடையை ரத்து செய்து, மறுபடி சோதிக்கச் சொன்னது. மூன்று ஆய்வகங்களில் காரீயம் வரம்புக்குள் இருப்பதாக வந்தது. நவம்பரில் கடைக்குத் திரும்பியது. தடை வந்தது ஊருக்கே ஞாபகம் இருக்கிறது. மற்றது யாருக்கும் ஞாபகம் இல்லை. நமக்குப் பிடித்த பாதியை மட்டும்தான் ஞாபகம் வைத்துக்கொள்கிறோம்.

*

சரி, அப்படியென்றால் நூடுல்ஸ் நல்ல பிள்ளையா? இல்லவே இல்லை. உண்மையான குற்றப்பத்திரிகை வேறு. அதை யாரும் படிப்பதில்லை, சுவாரஸ்யமாக இல்லாததால்.

அது மைதா. நார்ச்சத்து சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. பொரித்ததால் 100 கிராமில் 15 முதல் 20 கிராம் வரை எண்ணெய், அதுவும் பெரும்பாலும் பாமாயில். எல்லாவற்றுக்கும் மேல் உப்பு. ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராம் உப்புக்குள், அதாவது 2,000 மில்லிகிராம் சோடியத்துக்குள் இருக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். காரசாரமான கொரிய பாக்கெட்டுகளின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். பலவற்றில் 1,500 மில்லிகிராமுக்கு மேல் போட்டிருக்கும். நம்மூர் பாக்கெட் சின்னது, உப்பும் குறைவு. அதனால் நாம் இரண்டாகப் பிரித்துப் போடுகிறோம்!

2014-ல் கொரியாவில் சுமார் 10,700 பேரின் உணவுப் பழக்கத்தை வைத்து ஓர் ஆய்வு வந்தது. வாரத்துக்கு இரண்டு முறையோ அதற்கு மேலோ இன்ஸ்டன்ட் நூடுல்ஸ் சாப்பிடும் பெண்களிடம், இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் கூட்டணி அமைக்கிற 'மெடபாலிக் சிண்ட்ரோம்' அதிகமாகக் காணப்பட்டது. நூடுல்ஸ்தான் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. ஆனாலும் மெழுகுக் கதையைவிட இது ஆயிரம் மடங்கு கவனிக்கத் தக்க விஷயம்.

ஆனால் இதே மைதா, இதே எண்ணெய், இதே உப்பு என்று பார்த்தால் இன்னும் சிலரைக் கூண்டில் ஏற்ற வேண்டியிருக்கும். சேமியா உப்புமா மட்டும் எப்படி மரியாதையான டிபன் ஆனது? இரவு 11 மணிக்கு சால்னா மிதக்கும் பரோட்டா 'நம்ம மண்ணின் ருசி' ஆகிறது. அப்பளமும் ஊறுகாயும் இருக்கிற இலையில் உப்பைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை. பாக்கெட்டில் வந்தால் விஷம், வாழையிலையில் வந்தால் பாரம்பரியம். உங்கள் ரத்தக்குழாய்க்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரியாது சார்.

*

இன்னொரு கோஷ்டி இருக்கிறது. இவர்கள் நூடுல்ஸைத் திட்டமாட்டார்கள். 'ராமென்' என்பார்கள். மங்கலான வெளிச்சத்தில், கறுப்புக் கிண்ணத்தில், பாதி முட்டையோடு வரும். பில் 600 ரூபாயைச் சுலபமாகத் தாண்டும். வீட்டில் ஒருவன் பாக்கெட் நூடுல்ஸில் மிளகாயும் பூண்டும் போட்டு "ராமென் பண்ணினேன்" என்றால், "அதெல்லாம் ராமென் இல்ல பாஸ்" என்று மூக்கைச் சுருக்குவார்கள்.

எலும்பைப் பன்னிரண்டு மணி நேரம் கொதிக்க வைத்து ரசம் எடுக்கிற சமையல்காரரை நான் கும்பிடுகிறேன். அந்த உழைப்புக்கு அந்த விலை தகும். ஆனால் ராமென் மேட்டுக்குடிப் பண்டம் என்கிற பாவனை இருக்கிறதே, அது தாங்க முடியாதது. ராமென், சீனாவிலிருந்து போய் ஜப்பானியத் துறைமுக ஊர்களில் இறங்கிய கூலிக்காரச் சாப்பாடு. இரண்டாம் உலகப் போரில் தோற்றுப் பசியோடு கிடந்த ஜப்பானில், அமெரிக்கக் கோதுமை மாவை வைத்துக் கள்ளச்சந்தைத் தள்ளுவண்டிகளில் விற்ற சாப்பாடு. இன்றைக்கும் அங்கே ஒரு கிண்ணம் 1,000 யென்னைத் தாண்டினால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார் என்று கடைக்காரர்கள் பயப்படுகிறார்கள். 'ஆயிரம் யென் சுவர்' என்று அதற்குப் பெயரே இருக்கிறது.

ஒசாகாவில் அப்படி ஒரு தள்ளுவண்டி முன்னால் குளிரில் நின்ற நீண்ட வரிசையை மறக்காத ஒருவர் மொமொஃபுகு அண்டோ. தைவானில் பிறந்தவர். 1957-ல் அவர் தலைவராக இருந்த கடன் சங்கம் கவிழ்ந்து, சொத்தெல்லாம் போயிற்று. வீட்டுக் கொல்லையில் ஒரு கொட்டகை போட்டுக்கொண்டு ஒரு வருஷம் மாவோடு மல்லுக்கட்டினார். மனைவி டெம்புரா பொரிப்பதைப் பார்த்தபோதுதான் எண்ணெயில் காயவைக்கும் யோசனை வந்ததாம். 1958 ஆகஸ்ட் 25 அன்று முதல் பாக்கெட் விற்பனைக்கு வந்தபோது அவருக்கு வயது 48. விலை 35 யென். புதிதாகப் பிசைந்த உடோன் நூடுல்ஸ் 6 யென்னுக்குக் கிடைத்த காலம். அதாவது, பணக்காரச் சரக்காகத்தான் தொடங்கியது. மலிவானது பிறகு.

கொரியாவில் 1963. நாம்தேமுன் சந்தையில், அமெரிக்க ராணுவ முகாமின் எச்சில் மிச்சங்களைக் கொதிக்கவைத்து விற்ற கஞ்சிக்காக ஜனங்கள் வரிசையில் நிற்பதை ஒரு தொழிலதிபர் பார்த்தார். ஜப்பானுக்குப் போய்த் தொழில்நுட்பம் வாங்கிவந்து, 10 வோன் விலையில் ராம்யன் பாக்கெட் போட்டார். சம்யாங் கம்பெனியின் ராம்யன் பிறந்த கதை அது. அதே கம்பெனி 2012-ல் கொண்டுவந்த நெருப்பு நூடுல்ஸைத்தான் இன்று நம் பிள்ளைகள் பந்தயம் கட்டி, கண்ணில் தண்ணீர் வரச் சாப்பிட்டு வீடியோ எடுக்கிறார்கள். 2024 ஜூனில் டென்மார்க், காரம் ஆபத்தான அளவு என்று அதில் மூன்று வகைகளைக் கடையிலிருந்து திரும்பப் பெறச் சொன்னது. அடுத்த மாதமே இரண்டுக்கு அனுமதி கொடுத்தது. காரத்தை அனுபவிக்கிற ஊர்க்காரர்கள் நாம். காரத்தில் வீரம் காட்டுவது தெரியாதவன் செய்கிற வேலை.

*

ஆகவே, ராமென் கோஷ்டியின் அனுமதி இல்லாமலே ஒரு ராமென் செய்வோம். என் கட்சி ஒன்றுதான்: பாக்கெட் ஒரு சாப்பாடு அல்ல, அது ஒரு மூலப்பொருள். ரவை மாதிரி, அவல் மாதிரி. ரவையை அப்படியே வாயில் போட்டுக்கொண்டு 'ரவை மோசம்' என்று யாராவது சொல்வார்களா?

ஒரு ஆளுக்கு: நாலு பல் பூண்டு, நாலைந்து சின்ன வெங்காயம், விரல் நுனி அளவு இஞ்சி. பொடியாக நறுக்கி, ஒரு ஸ்பூன் எண்ணெயில் பொன்னிறமாக வதக்குங்கள். இப்போது அடுப்பை அணையுங்கள். அணைத்த பிறகுதான் ஒரு டீஸ்பூன் மிளகாய்த்தூள். எரிகிற எண்ணெயில் போட்டால் கருகிக் கசக்கும், வீடே இருமும். சூடான எண்ணெயில் போட்டால் நிறமும் காரமும் எண்ணெயில் இறங்கும். மிளகாயின் காரம் தண்ணீரில் சுலபமாகக் கரையாது, எண்ணெயில் கரையும். கடையில் கிண்ணத்தின் மேல் சிவப்பாக மிதக்கிறதே, அந்த மாயம் இதுதான்.

வறுத்த வேர்க்கடலையைப் பொடித்து ஒரு ஸ்பூன் போடுங்கள். சூப்புக்குக் கனம் வரும். டான்டான்மென் என்கிற கார ராமெனில் எள் விழுது செய்யும் வேலையை இது பாதி விலையில் செய்யும். இரண்டு டம்ளர் தண்ணீர், ஒரு டீஸ்பூன் சோயா சாஸ். பாக்கெட்டுக்குள் இருக்கும் குட்டி மசாலாவில் பாதி மட்டும். இது முக்கியம். வில்லன் இழையில் இல்லை, அந்தக் குட்டி உறைக்குள் இருக்கிறான். சோயா சாஸிலும் உப்பு உண்டு என்பதால் தனி உப்பு வேண்டவே வேண்டாம்.

கொதித்ததும் ஒரு கை முட்டைகோஸோ முருங்கைக்கீரையோ போட்டு, பிறகு நூடுல்ஸ். உடைக்காதீர்கள். ஒரு முட்டையை உடைத்து நடுவில் விட்டு, ஒரு நிமிடம் மூடிவையுங்கள். இழை இன்னும் கொஞ்சம் விறைப்பாக இருக்கும்போதே இறக்கிவிடுங்கள். கிண்ணத்துச் சூட்டில் மிச்சம் வெந்துவிடும். மேலே வெங்காயத்தாள், வறுத்துத் தட்டிய வெள்ளை எள், நாலு சொட்டு எலுமிச்சை. நல்லெண்ணெயை மேலே ஊற்றிவிட்டு 'ஜப்பான் வாசனை வரலையே' என்று புலம்பாதீர்கள். அவர்களுடையது வறுத்த எள்ளில் ஆட்டியது. நம்முடையது பச்சை எள். அதனால்தான் எள்ளை வறுத்துப் போடச் சொன்னேன்.

சாப்பிட்டு முடிந்ததும் சூப்பில் பாதியைக் கிண்ணத்திலேயே விட்டுவிடுங்கள். உப்பில் பெரும்பகுதி அங்கேதான் கிடக்கிறது.

மொத்தம் 12 நிமிடம். பாக்கெட் 15 ரூபாய், முட்டை 7, மற்றதெல்லாம் சேர்த்து ஒரு 13. ஆக, 35 ரூபாய். வாரத்துக்கு ஒரு நாள் இதைச் சாப்பிடுகிறவனை நரகத்துக்கு அனுப்ப எந்த டாக்டரும் கையெழுத்துப் போடமாட்டார்.

*

'எல்லாம் சரி, தினமும் இதையே சாப்பிடுகிறார்களே' என்கிறீர்கள். இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

யார் தினமும் சாப்பிடுகிறார்கள்? திருவல்லிக்கேணி மேன்ஷனில் பத்துக்குப் பத்து அறையில் மூன்று பேராகக் கிடக்கிறவன். இரவு ஷிப்ட் முடிந்து வரும்போது ஹாஸ்டல் மெஸ் மூடியிருக்கும் நர்ஸ். அபார்ட்மென்ட் வாசலில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிற செக்யூரிட்டி. இவர்களிடம் போய், "கேழ்வரகுக் களி சாப்பிடுங்க தம்பி, உடம்புக்கு நல்லது" என்கிறோம். எதில் கிண்டுவது? அவர்கள் அறையின் சுவரில் என்ன ஒட்டியிருக்கிறது தெரியுமா? 'அறையில் சமைக்கக் கூடாது. மீறினால் அட்வான்ஸ் திருப்பித் தரப்படமாட்டாது.' இன்டக்‌ஷன் அடுப்பு பிடிபட்டால் பறிமுதல். ஒளித்து வைக்க முடிந்தது ஒரு எலெக்ட்ரிக் கெட்டில். கெட்டிலில் செய்ய முடிந்தது நூடுல்ஸ். நான் மேலே சொன்ன 35 ரூபாய் ராமெனைக்கூட அவனால் செய்ய முடியாது. பூண்டு வதக்க வாணலி இல்லை. முட்டையை வைக்க இடமில்லை. அடுப்பைப் பிடுங்கிக்கொண்டவர்களே ஆரோக்கியத்தைப் பற்றி உபதேசமும் செய்கிறார்கள்.

2016 மே 28. சியோல் நகரத்தின் குய் ரயில் நிலையம். பிளாட்பாரக் கதவைத் தனியாளாகப் பழுதுபார்த்துக்கொண்டிருந்த 19 வயது ஒப்பந்தத் தொழிலாளி ஒருவன் ரயில் மோதி இறந்தான். இரண்டு பேர் செய்ய வேண்டிய வேலை அது. அவன் பையைத் திறந்தார்கள். ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர்களோடு ஒரு கப் ராம்யனும் ஒரு ஸ்பூனும் இருந்தன. சாப்பிட நேரம் கிடைக்கும்போது சாப்பிடலாம் என்று வைத்திருந்தது. அந்த ஸ்டேஷன் சுவர் முழுக்க ஜனங்கள் துண்டுச் சீட்டு ஒட்டினார்கள், பூ வைத்தார்கள், கப் ராம்யனும் வைத்தார்கள். அந்த ஊர் அன்றைக்கு 'ஏன் இந்தப் பையன் நூடுல்ஸ் சாப்பிட்டான்?' என்று கேட்கவில்லை. 'சாப்பிடக்கூட நேரம் தராமல் ஏன் தனியாக அனுப்பினீர்கள்?' என்று கேட்டது. ஒப்பந்த முறையைக் கேட்டது. நிர்வாகத்தைக் கேட்டது.

அதே 2016-ல் அமெரிக்கச் சிறை ஒன்றைப் பற்றி ஓர் ஆய்வு வெளிவந்தது. கைதிகளுக்குள் கொடுக்கல் வாங்கலுக்குச் சிகரெட்டின் இடத்தை ராமென் பாக்கெட் பிடித்துவிட்டது என்றது. காரணம் ருசி இல்லை. சிறையில் போடும் சாப்பாட்டின் அளவும் தரமும் குறைந்ததுதான். நூடுல்ஸ் பாக்கெட் குவிந்து கிடக்கும் இடத்தில் வேறு ஏதோ ஒன்று இல்லை என்று அர்த்தம். சோறு இல்லை, அல்லது அடுப்பு இல்லை, அல்லது நேரம் இல்லை.

'எங்கள் ஆச்சி காலத்தில் இதெல்லாம் இருந்ததா?' என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இல்லைதான். ஆச்சி விடியற்காலையில் எழுந்து புகையில் கண் எரிய நின்றுகொண்டிருந்தார். நீங்கள் திண்ணையில் உட்கார்ந்திருந்தீர்கள். அந்த வசதியை இழந்த வருத்தத்துக்கு ஆரோக்கியம் என்று பேர் வைக்காதீர்கள்.

ஹாஸ்டல் முதலாளிகள் சொல்லும் காரணங்கள் தெரியும். தீ விபத்து, கரண்ட் பில், கரப்பான்பூச்சி. நியாயம்தான். அறைக்கு அறை அடுப்பு வேண்டாம். மாடிக்கு ஒரு பொதுச் சமையலறை வையுங்கள். இரண்டு இன்டக்‌ஷன் அடுப்பு, ஒரு ஸிங்க், ஒரு ஃப்ரிட்ஜ், ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன், கரண்ட்டுக்குத் தனி மீட்டர். சியோலில் கோஷிவொன் என்று தீப்பெட்டி மாதிரி அறைகள் இருக்கின்றன. கை நீட்டினால் சுவர் இடிக்கும். அவற்றிலேயே பலவற்றில் பொதுச் சமையலறை உண்டு. சோறும் கிம்ச்சியும் ராம்யனும் இலவசமாக வைத்திருப்பார்கள். அவ்வளவு குறுகிய இடத்தில் அவர்களால் முடிகிறது என்றால், மாதம் எட்டாயிரமும் பத்தாயிரமும் வாங்குகிற நம்மூர் ஹாஸ்டல்களால் ஏன் முடியாது?

மாநகராட்சியும் ஹாஸ்டலுக்கு லைசென்ஸ் கொடுக்கும்போது கழிப்பறையை எண்ணுகிற மாதிரி அடுப்பையும் எண்ணட்டும். நூடுல்ஸைத் திட்டி ஃபார்வர்டு அனுப்புகிற நல்லவர்கள், அடுத்த முறை அந்த விரலால் உங்கள் வாடகைக்காரருக்கு ஒரு மெசேஜ் அனுப்புங்கள்: 'தம்பி, நீ ரூமில் சமைத்துக்கொள்ளலாம்.' அதைச் செய்துவிட்டு வாருங்கள். கேழ்வரகு, கம்பு, சாமை, வரகு எல்லாவற்றையும் பற்றிப் பேசலாம். அவனும் கேட்பான், நானும் கேட்கிறேன்.